காகிதம் நுழையாத கட்டைகள்

பெரியகல்லாறு
02.01.2024

அன்புத் தம்பி உதயரூபனுக்கு,

அக்கா எழுதுகிறேன். எனக்கும் மகள் தக்ஷாயினிக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உன் முழங்கால் வலி எப்படி, மனைவி அன்னப்பூரணிக்குச் சளி விட்டதா என்று எழுது.

கையில் போன் இருக்க அக்கா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். கோவிலைப் பார்க்கிற வண்ணக்கர், "அக்காவும் தம்பியும் போனில கதைச்சு விசயத்த மூடிப்போடுவீங்க. எல்லாம் எழுத்தில வரட்டும்" என்று சொல்லிவிட்டார். அதை விட, போனில் உன் குரலைக் கேட்டால் என் கோபம் இளகிவிடும். இந்தத் தடவை அது இளகக் கூடாது.

நீ செய்து தந்த ஆர்மோனியப் பெட்டி எங்கள் மானத்தை வாங்கிவிட்டது.

மார்கழி விடியல் பூசையில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு நாள். தாயோடு வருவது குடி என்பதால், நீ வாவி தாண்டிப் படுவான்கரையில் கல்யாணம் கட்டிப் போனாலும் நம்முடைய நாள் உன்னுடைய நாளும்தான். இந்த முறை குடிப் பெண்கள் சேர்ந்து கோவிலுக்கு ஆர்மோனியம் ஒன்று கொடுப்போம் என்றபோது, கடையில் இந்தியப் பெட்டி வாங்குவோம் என்றுதான் பலர் சொன்னார்கள். "என்ட தம்பி செய்வான். அவன்ட வேலைக்கு நான் பொறுப்பு" என்று முன்னுக்கு நின்றவள் நான்.

அன்றைக்கு நல்ல மழை. ஊரே கோவிலுக்குள் நெருக்கிக்கொண்டு நின்றது. வழக்கம்போல வினாயகமூர்த்தி அண்ணர்தான் வாசித்தார். முதற் பாட்டு முடியவில்லை, அழுத்திய கட்டை ஒன்று கீழே போனது, மேலே வரவில்லை. அவர் நகத்தால் கிளப்பினார். மறுபடியும் போய் ஒட்டிக்கொண்டது. பிறகு பக்கத்துக் கட்டை. தீபம் காட்டுகிற நேரம் எல்லாரும் வாய் மூடிக் கும்பிட்டுக்கொண்டு நிற்க, துருத்தியில் மிச்சமிருந்த காற்று தீரும்வரை உன் பெட்டி தனியே முனகிக்கொண்டு கிடந்தது. சின்னதுகள் சிரித்தன. பக்கத்தில் நின்ற மற்றக் குடிப் பெண் ஒருத்தி, "என்னகா, உங்கட குடிப் பெட்டி இன்னும் அழுது முடியல்லையா?" என்று கேட்டாள். நான் பிள்ளையாரைப் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூடியில் ஒரு வருட உத்தரவாதம் என்று அச்சடித்திருக்கிறாய். ஒரு மார்கழிகூடத் தாங்கவில்லை. ஏன் இப்படி நடந்தது என்று வண்ணக்கருக்கு வாசித்துக் காட்டக்கூடிய மாதிரி எழுது.

கோபத்தோடும் அன்போடும்,
அக்கா கேதீஸ்வரி


கொக்கட்டிச்சோலை
11.01.2024

மதிப்புக்குரிய வண்ணக்கர் ஐயாவுக்கும் அன்பு அக்காவுக்கும்,

நானும் அன்னப்பூரணியும் சுகம். அவளுக்குச் சளி விட்டுவிட்டது, என் முழங்கால் மட்டும் விடுவதாக இல்லை. கோவிலில் அனைவரும் நலமென்று நம்புகிறேன்.

எங்கள் வாத்தியசாலையில் இருந்து எத்தனையோ பெட்டிகள் கோவில்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் போயிருக்கின்றன. இப்படியொரு முறைப்பாடு வந்ததில்லை. நல்ல பெட்டி பழுதாவதற்குக் காரணம் பெரும்பாலும் மூன்று. முதலாவது எலி. உள்ளே புகுந்து தோலைக் கடித்தால் கட்டை எழும்பாது. இரண்டாவது வெயில். யன்னலோரம் வைத்தால் பலகை நெளிந்துவிடும். மூன்றாவது வாசிப்பவரின் கை. வயது போகப் போகக் கை நடுங்கும். நடுங்குகிற கை கட்டையை நேரே அழுத்தாமல் பக்கத்துக்குத் தள்ளும். தள்ளுப்பட்ட கட்டை பக்கத்துக் கட்டையோடு இறுகி நின்றுவிடும். யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை, தொழில் தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பெட்டியின் வேலையில் பிழையிருக்க வழியில்லை. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு காகிதம்கூட நுழையாது. அவ்வளவு நெருக்கமாக இழைத்திருக்கிறேன். ஐயா விரும்பினால் தாங்களே காகிதம் விட்டுப் பார்க்கலாம்.

பெட்டியைப் பஸ்ஸில் அனுப்பிவைத்தால் பார்த்துத் தருகிறேன். உத்தரவாதக் காலம் இருப்பதால் அதற்கு ஒன்றும் வாங்கமாட்டேன்.

வாவிக்கு இக்கரையில் இருந்து வணக்கத்துடன்,
உதயரூபன்


பெரியகல்லாறு
28.01.2024

தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சுகமாக இருக்கிறாய் என்று அறிந்ததில் சந்தோசம். அந்தக் கடிதத்தில் சந்தோசப்பட அது ஒன்றுதான் இருந்தது.

எலி, வெயில், கை. யார் முறைப்பாட்டோடு வந்தாலும் உன் வாயிலிருந்து இந்த மூன்றும்தான் வரும் என்று அன்னப்பூரணி முன்பொருநாள் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். அக்காவுக்காவது புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பாய் என்று நினைத்தேன்.

மூன்றாவதை விட்டுவிட்டு வாசிக்கலாம் என்றுதான் கொண்டுபோனேன். வண்ணக்கர் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, கூட்டத்தில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரித் தானே வாசித்தார். வினாயகமூர்த்தி அண்ணர் முன்வரிசையில் இருந்தார். உன்னைத் திட்டுவார், நானும் சேர்ந்து திட்டலாம் என்று இருந்தேன். அவர் திட்டவில்லை. கையிரண்டையும் சால்வைக்குள் இழுத்துக்கொண்டார். "தம்பி சொல்றது சரி. என்ட கைதான்" என்றார். எழும்பிப் போய்விட்டார்.

அந்த மனிசன் பாட்டுக்குப் பாட்டு எங்களைத் தூக்கிக்கொண்டு போனவர். என் கல்யாணத்துக்கும் அவர்தான் வாசித்தார்.

அவருடைய கையைப் பற்றி உனக்கு யாராவது சொன்னார்களா? இங்கே ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. தெரிந்துதான் எழுதினாயா என்று எனக்கு மட்டும் எழுது. பெட்டி நாளைக் காலைப் பஸ்ஸில் வருகிறது, கொண்டக்டரிடம் சொல்லியிருக்கிறேன்.

உடம்பைக் கவனி.
அக்கா


கொக்கட்டிச்சோலை
10.03.2024

அன்பு அக்காவுக்கு,

நாங்கள் சுகம். தக்ஷாயினிக்குப் பரீட்சை என்று கேள்விப்பட்டேன், மாமா விசாரித்ததாகச் சொல்லுங்கள். இங்கே நெல் வெட்டு முடிந்து வயலெல்லாம் வெறும் ஒட்டுத் தாளாகக் கிடக்கிறது. பகலில் என் தகரக் கூரைக்குக் கீழே இருக்க ஏலாது, அப்படி வெக்கை. அதனால்தான் பதில் பிந்தியது.

பெட்டியைக் கழற்றிப் பார்த்தேன். எலி புகவில்லை. பலகை நெளியவில்லை. எல்லாக் கட்டையும் அழுத்த அழுத்த அழகாக எழும்பி வருகிறது. காகிதம் மட்டும் இப்போது மெல்லமாய் நுழைகிறது, அது பாவித்ததால் வந்த தேய்வாக இருக்கும். நான் வாசித்தேன், அன்னப்பூரணியும் வாசித்துப் பார்த்தாள், பக்கத்து வீட்டு ஆட்களும் வந்து கேட்டார்கள். ஒரு முனகல் இல்லை.

ஆகவே பெட்டியில் குறை கிடையாது என்று வண்ணக்கரிடம் நீங்கள் தலை நிமிர்ந்து சொல்லலாம். வினாயகமூர்த்தி அண்ணரும் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டார் என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு மேல் நான் என்ன சொல்ல இருக்கிறது?

ஆள் அனுப்பினால் பெட்டியைக் கொடுத்துவிடுகிறேன். அடுத்த மார்கழிக்கு அது நம் குடியின் பெயரைக் காப்பாற்றும்.

அன்புத் தம்பி,
உதயரூபன்


பெரியகல்லாறு
19.03.2024

தம்பிக்கு,

சுகம். தக்ஷாயினி பரீட்சை எழுதிவிட்டாள்.

பெட்டிக்கு ஆள் வராது. பள்ளிக்கூடத்துச் சங்கீத ஆசிரியர் நிலோஜன் சேர் ஓர்கன் ஒன்று வைத்திருக்கிறார். இனி அவரே வாசிப்பார் என்று வண்ணக்கர் முடிவாகச் சொல்லிவிட்டார். கரண்டில் வேலை செய்கிற சாமான், அழாதாம்.

வினாயகமூர்த்தி அண்ணர் வெள்ளிக்கிழமையும் கோவிலுக்கு வருவதில்லை. என் வாசற் படலையைத் தாண்டித்தான் கடைக்குப் போகிறார். முந்தி வந்து இருந்து ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போவார். இப்போது கூப்பிட்டால், "மறுகா வாறன் புள்ள" என்று நடையைக் கூட்டுகிறார். உன்மேல் உள்ள கோபத்தை என்னிடம் காட்டுகிறார் போல.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை.

அக்கா


கொக்கட்டிச்சோலை
16.07.2024

அன்பு அக்காவுக்கு,

நலம்தானே? சித்திரை வருசத்துக்கும் உங்களிடமிருந்து ஒரு வரி வரவில்லை. போன் எடுத்தால் தக்ஷாயினி எடுத்து, அம்மா கோவிலுக்குப் போய்விட்டா என்கிறாள். எந்த நேரமும் கோவிலிலேயே இருக்கிற ஆள் இல்லையே நீங்கள்.

இங்கே கச்சான் காற்று தொடங்கிவிட்டது. வயல் வட்டைக்குள் இருந்து புழுதியை அள்ளிக் கொண்டுவந்து வாத்தியசாலைக்குள் கொட்டுகிறது. உதடு வெடிக்கிற வறட்சி. மரம் இழைக்க இதைப் போலக் காலம் இல்லை, பலகை அப்பளம் மாதிரிக் காய்ந்து கிடக்கிறது. உங்கள் பெட்டியையும் போன வருடம் இதே காற்றில்தான் இழைத்தேன்.

அந்தப் பெட்டி துணி போர்த்தியபடி மூலையில் இருக்கிறது. ஏறாவூரில் இருந்து அஹமட் என்றொருவர் வந்து, தன் கடைக்கு வேண்டுமென்று விலை கேட்டார். குடிப் பெட்டி, விற்பதற்கு இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.

உங்கள் கேள்விக்குப் பதில் எழுதவில்லை என்றீர்கள். என்னவோ எழுத வரவில்லை. கோபம் ஆறியதும் எழுதுங்கள்.

தம்பி


கொக்கட்டிச்சோலை
24.11.2024

அன்பு அக்காவுக்கு,

சுகம் விசாரித்துத் தொடங்க எனக்கு முகமில்லை. ஆனாலும் கேட்கிறேன், நீங்களும் பிள்ளையும் சுகம்தானே? இங்கே கொஞ்ச நாளாக விடாத மழை. வட்டை முழுக்க வெள்ளம், தோணி விடலாம். வீட்டுக்குள் உப்புக்கூடக் கரைந்து கிடக்கிறது.

நேற்று அன்னப்பூரணி வாத்தியசாலையைத் துப்புரவாக்கினாள். துணியை எடுத்துவிட்டு உங்கள் பெட்டியின் கட்டைகளை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் துடைத்தாள். "இஞ்ச வந்து பாருங்க" என்று கூப்பிட்டாள். துடைத்த கட்டைகள் துடைத்தபடியே கீழே கிடந்தன, ஒன்றும் எழும்பவில்லை. நான் துருத்தியை ஒருமுறைதான் அசைத்தேன். அக்கா, நீங்கள் எழுதியிருந்த அந்த அழுகையை நான் அப்போதுதான் கேட்டேன். அன்னப்பூரணி காதைப் பொத்திக்கொண்டாள்.

அதில் யாருடைய கையும் இல்லை. பிழை என்னுடையது. எந்தப் பிழை என்றும் தெரிந்துவிட்டது.

ஊருக்குச் செய்கிற பெட்டிகளில் கட்டைக்குக் கட்டை ஒரு நூல் இடைவெளி விடுவேன். மாரியில் மரம் ஊதும், அதற்கு இடம் வேண்டும். தொழில் பழகிய நாளில் இருந்து கைக்குத் தெரிந்த விசயம். உங்கள் பெட்டிக்கு மட்டும் விடவில்லை. என் அக்கா பத்துப் பேருக்கு முன்னால் மூடியைத் திறக்கும்போது வரிசை கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும், உதயரூபன் வேலையைப் பார் என்று ஊர் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கச்சானில் காய்ந்து சுருங்கிய பலகையை, காகிதம் நுழையாமல் நெருக்கி வைத்தேன். அதை ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியும் உள்ள ஊருக்கு அனுப்பினேன். மார்கழி மழையில் ஊதாமல் என்ன செய்யும்? இங்கே தகரக் கூரை வெக்கையில் மறுபடி காய்ந்ததும் நல்ல பிள்ளையாகிவிட்டது. நானும் பெட்டியில் குறையில்லை என்று பெருமையாக எழுதினேன்.

உங்கள் கேள்விக்கு இப்போது பதில். அண்ணரின் கையைப் பற்றி எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அவரைக் கண்டே எத்தனையோ வருடம். வாயில் வழக்கமாக வருகிற பதிலைத்தான் எழுதினேன். அது ஒரு மனிசனைக் கோவிலை விட்டே கலைக்கும் என்று நினைக்கவில்லை. அவர் ஒப்புக்கொண்டார் என்று நீங்கள் எழுதியபோது எனக்கு ஆறுதலாக இருந்தது, அக்கா. அதை நினைத்தால்தான் இப்போது சோறு இறங்குதில்லை.

இந்தக் கடிதத்தை அதே கூட்டத்தில், அதே மாதிரிச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.

வெட்கத்துடன்,
உதயரூபன்


பெரியகல்லாறு
05.12.2024

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். வெள்ளம் எங்கள் படலைவரை வந்துவிட்டு வடிந்துவிட்டது. சோறு இறங்குதில்லை என்று எழுதியிருந்தாய், கஞ்சியாவது குடி.

வண்ணக்கர் உன் கடிதத்தை வாசித்தார். ஒரு வரியும் விடவில்லை. வாசித்து முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்பிடி ஒரு மனம் ஆருக்கு வரும்? ஒரு வயசாளிட மானத்தக் காப்பாத்த, தன்ட தொழில்ட பேரையே குடுக்கான்" என்றார். கூட்டம் முழுக்க ஆமோதித்தது. போன மாசியில் நீயே பார்த்துவிட்டுக் குறையில்லை என்று எழுதின பெட்டி, இப்போது எப்படித் திடீரென்று குறையாகும் என்று நிலோஜன் சேர் கேட்டார். எல்லாரும் விளங்கினமாதிரிச் சிரித்தார்கள்.

நான் வினாயகமூர்த்தி அண்ணர் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். வாசலில் நின்றபடிதான் கேட்டார். "தம்பி எனக்காகப் பொய் சொல்லுது புள்ள. நல்ல பிள்ளை. ஆனா என்ட கை எனக்குத் தெரியும்" என்றார். அவ்வளவுதான்.

உன்னை நம் குடியின் நாளில் கோவிலுக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துவதென்று தீர்மானம் எடுத்திருக்கிறார்கள். என்னை ஏளனம் செய்தவள் வந்து, "உன்ட தம்பி பெரிய மனிசன்கா" என்று கையைப் பிடித்தாள். எனக்குப் பெருமைப்படுவதா, அழுவதா என்று தெரியவில்லை.

சத்தியமாகச் சொல். நீ எழுதியது உண்மையா, அல்லது அவர்கள் சொல்கிற மாதிரியா? அக்காவே இப்படிக் கேட்கிறாளே என்று குறை நினைக்காதே.

அக்கா


கொக்கட்டிச்சோலை
12.12.2024

அன்பு அக்காவுக்கு,

உங்கள் சுகத்துக்குக் குறைவிருக்காது என்று நம்புகிறேன். எனக்குத்தான் படுத்தால் நித்திரை வருவதில்லை.

அம்மா மீது சத்தியம். எழுதியது ஒவ்வொன்றும் உண்மை.

பொன்னாடை என்ற சொல்லைக் கண்டதும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். அன்னப்பூரணி எடுத்து வாசித்துவிட்டு, அதற்கு எந்தச் சாரி உடுப்பது என்று கேட்டாள். அவளுடைய முகத்தைப் பார்க்கவே கூசியது. பொய் சொன்னபோது எல்லாரும் நம்பினார்கள். உண்மையைச் சொன்னேன், அதை என்னுடைய நல்ல மனம் என்கிறார்கள். அண்ணரின் மேலிருந்து எடுக்கப் போன பாரம் அவர் மேலேயே இருக்க, எனக்கு மாலை விழப்போகிறது. இதைவிட அவர்கள் என்னை வந்து அடித்திருக்கலாம்.

எழுத்தை நம்பாதவர்கள் காதை நம்புவார்கள். பெட்டியை நான் இன்னும் தொடவில்லை. திருத்தாமல் அப்படியே கொண்டுவருகிறேன். பூசைக்கு முதல் நாளே கோவிலில் வைப்போம், உங்கள் எழுவான்கரையின் ஈரக் காற்றைக் குடிக்கட்டும். அடுத்த நாள் பூசை முடிந்து சனம் கலையமுதல், கை நடுங்காத ஒருவர் எல்லாருக்கும் முன்னால் வாசித்துப் பார்க்கட்டும். என்னை நம்ப வேண்டாம், பெட்டியை நம்பட்டும்.

ஆனால் அது நம் குடியின் நாள். போன வருடம் பட்ட வெட்கத்தை நீங்களும் மற்றப் பெண்களும் இன்னொருமுறை பட வேண்டிவரும். அதற்கு நான் எந்த வாயால் உங்களிடம் சம்மதம் கேட்பது? கேட்கிறேன், அக்கா.

தம்பி


பெரியகல்லாறு
27.12.2024

தம்பிக்கு,

சுகம். பதில் பிந்தியது தபாலால் இல்லை, என்னால்தான்.

உன் கடிதத்தைப் பார்த்ததும் முடியாது என்றுதான் எழுதினேன். எழுதி ஒட்டியும் வைத்தேன். குடிப் பெண்களிடம் கேட்டேன். "ஒருக்கா அழுதது காணாதா? இப்பதான் ஊர் எங்களப் பத்தி நல்லாக் கதைக்குது" என்றார்கள். எனக்கும் அதே எண்ணம்தான் இருந்தது, மறைப்பதற்கு என்ன. உனக்குப் பொன்னாடை, எனக்குப் பெருமை, பேசாமல் இருந்தால் எல்லாருக்கும் நல்லது என்று நினைத்தேன்.

நேற்று வினாயகமூர்த்தி அண்ணர் வீட்டுக்குப் பின்பக்கத்தால் போனேன், அவருடைய மனைவிக்கு முருங்கையிலை கொடுக்க. அவர் சமையல் குசினி வாசலில் சுவரைப் பார்த்தபடி இருந்து தேத்தண்ணி குடித்தார். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார், அப்படியும் அது பல்லில் அடிபட்டது. என்னைக் கண்டதும் கோப்பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். சுடுதண்ணி காலில் ஊற்றியது. அசையவில்லை.

இந்த ஒரு வருடமும் அவர் நம் வீட்டில் தேத்தண்ணி குடிக்காதது கோபத்தால் என்று நான் எழுதியிருந்தேன். எவ்வளவு மடைச்சி நான். நடுங்குகிற கையைக் கண்ணால் கண்டால், கோவிலைக் கெடுத்த கை இதுதான் என்று ஊர் விரல் நீட்டும் என்ற பயம். டொக்டரிடமும் போகவில்லையாம். அவருடைய மனைவி சொல்லி அழுதா.

ஒட்டிய கடிதத்தைக் கிழித்துவிட்டேன். போன மார்கழியில் எத்தனை பேர் கேட்டார்களோ அத்தனை பேரும் மறுபடி கேட்கட்டும். பெண்களிடம் நான் கதைக்கிறேன், வண்ணக்கரிடம் ஒன்றும் சொல்ல மாட்டேன். அண்ணரைக் கூட்டிவருவது என் பொறுப்பு.

வா. பெட்டியைத் திருத்தாமல் கொண்டு வா.

அக்கா


பெரியகல்லாறு
15.01.2025

அன்புத் தம்பி உதயரூபனுக்கு,

பொங்கல் எப்படிப் போனது? இங்கே மழைக்குள் பொங்கியதால் பானை பொங்க நேரமெடுத்தது, பொங்கியது போதும். முழங்காலுக்கு எண்ணெய் தக்ஷாயினியிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

நம் குடிப் பூசை அன்றைக்கு நீ தலையை நிமிர்த்தவே இல்லை. சொல்ல வேண்டியதைப் பாயைப் பார்த்தபடி சொன்னாய். நிலோஜன் சேர் வந்து வாசித்தார், பெட்டி அழுதது, நீ "இதுதான் என்ட வேலை" என்றாய், எழும்பி மழைக்குள்ளே பஸ்ஸுக்கு ஓடினாய். ஆகவே நீ பார்க்காததை எழுதுகிறேன்.

முதற் கட்டை ஒட்டியபோது நிலோஜன் சேர் தன்னுடைய பிழை என்று நினைத்து, மன்னிப்புக் கேட்கிற மாதிரிச் சிரித்தார். அடுத்ததும் ஒட்டியது. மூன்றாவதோடு கையை எடுத்துவிட்டார். சின்னதுகள் போன வருடம் போலவே சிரித்தன. பெரியவர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. நம் குடிப் பெண்கள் என் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள், நானும்தான். வெட்கமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் இந்தத் தடவை அந்த வெட்கம் அதற்குரிய ஆளிடம் வந்து சேர்ந்திருந்தது, தம்பி. நம்மிடம்.

வண்ணக்கர் பொன்னாடையைக் கையில் வைத்துக்கொண்டு, நீ ஓடிய வாசலையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் தூவானம் அடிக்கிறது என்று பெட்டிக்கே அதைப் போர்த்திவிட்டார்.

வினாயகமூர்த்தி அண்ணர் பின்னால் தூணோரம் நின்றார். சனம் சுண்டலுக்குக் கலைகிற நேரம் முன்னுக்கு வந்தார். பொன்னாடையை விலக்கிவிட்டுப் பெட்டிக்கு முன்னால் இருந்தார். சால்வைக்குள் இருந்த கையை வெளியே எடுத்தார். அப்போதுதான் ஊர் அதைப் பார்த்தது. நன்றாகவே நடுங்குகிறது. ஒரு கட்டையை அழுத்தினார், அவருக்கும் ஒட்டியது.

"அப்ப அண்டைக்கி இதுதான்" என்றார். தனக்குத்தானே சொல்கிற மாதிரி. பிறகு கையைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார். "இதுவும் இரிக்கி. ஆனா அண்டைக்கி இது இல்ல."

வண்ணக்கர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "புள்ள, தேத்தண்ணி இரிக்கா?"

நான் ஊற்றிக் கொடுத்தேன். எல்லாருக்கும் முன்னால் ஒரு கையால் வாங்கினார். பாதி சால்வையில் ஊற்றியது, மிச்சத்தைக் குடித்தார். இன்னொரு கோப்பை கேட்டு அதையும் குடித்தார். வெள்ளிக்கிழமை மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிப்போகிறேன். வாசிப்பாரா இல்லையா என்பது பிறகு. கோவிலுக்கு வருவார்.

பெட்டி இங்கேதான் இருக்கிறது. அதை அங்கே கொண்டுபோய்த் திருத்தாதே. உளியை எடுத்துக்கொண்டு இங்கே வா, எங்கள் காற்றிலேயே இருந்து இழை. குடிப் பெண்கள் சம்மதம்.

இன்னொன்று. கோப்பையைத் திருப்பித் தரும்போது அண்ணர் கேட்டார்: "தம்பி ஏன் புள்ள தேத்தண்ணி குடிக்காமப் போனவன்?" காரணம் அவருக்கே தெரியும் என்று நினைக்கிறேன். நீ அவருடைய முகத்தைப் பார்த்து, அவருடைய வீட்டு முற்றத்தில் இருந்து ஒரு கோப்பை குடிக்க வேண்டும். அதற்கு என்னைக் கூட வரச் சொல்லாதே.

வரும் நாளைப் போனில் சொன்னால் போதும். இனிக் கடிதம் வேண்டாம், என் கோபம் ஆறிவிட்டது.

அக்கா கேதீஸ்வரி